தூரிகையும் கொடியும்: ஜப்பானிய ஓவியம் பற்றி உங்கள் கேள்விகள்

சென்ற இதழில், இபராகி மாகாணத்தின் கடற்கரையில் இஸுரா என்ற இடத்தில் பார்த்த ஒரு சின்னக் குடிலைப் பற்றி எழுதியிருந்தேன். கலைச் சிந்தனையாளர் ஒகாகுரா தென்ஷின் 1905இல் பாறை முனையில் கட்டிக்கொண்ட அறுகோணக் குடில் அது. 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமி அதை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. மறு ஆண்டே திரும்பக் கட்டிவிட்டார்கள். தனியாக உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்காக ஒருவர் கட்டிய குடில் ஒரு நாட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்று கேட்டு அந்தக் கட்டுரையை நிறுத்தியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கே: நிஹொங்கா என்பது ஆயிரம் ஆண்டுப் பழைமையான ஜப்பானிய ஓவிய மரபு என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். நீங்களோ அதை "நேற்று வைத்த பெயர்" என்று எழுதுகிறீர்கள். எது சரி, அம்மா?
– ஓவியக் கல்லூரி மாணவி

ப: இரண்டும் சரிதான் அம்மா. பொருள் பழையது, பெயர் புதியது.

பொருளை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை என் கையால் அறிவேன். கியோத்தோவில் நிஹொங்கா பயின்ற நாட்களில் முதல் மூன்று வாரம் என்னை எதையும் வரைய விடவில்லை. கோஃபுன் என்ற வெள்ளையைத் தயார் செய்யக் கற்றுக்கொள் என்றார் ஆசிரியர். சிப்பி ஓடுகளை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, பிறகு அரைத்து எடுக்கும் தூள் அது. அதில் நிகாவா என்ற விலங்குப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைய வேண்டும். மாவு பதத்துக்கு வந்ததும் உருட்டிப் பீங்கான் தட்டில் ஓங்கி அடிக்க வேண்டும், நூறு தடவை. ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். அறுபதில் என் தோள் கழன்றுவிடும்போல இருக்கும். நான் பூசிய முதல் வெள்ளை, காய்ந்த குளம்போல வெடித்தது. அந்த வெள்ளைக்கும், அஸுரைட் கல்லை இடித்த நீலத்துக்கும், மாலகைட் பச்சைக்கும், பட்டுக்கும், வாஷி என்ற ஜப்பானியக் கைத்தாளுக்கும் ஆயிரம் ஆண்டு வயது உண்டு. உங்கள் வகுப்பில் சொன்னது அந்த அளவில் உண்மை.

ஆனால் எடோ காலத்து (1603–1868) ஓவியர் ஒருவரிடம் போய் "நீங்கள் ஜப்பானிய ஓவியரா?" என்று கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. நான் கனோ பள்ளி, நான் தோசா பள்ளி, நான் மருயாமா வழி என்றுதான் சொல்லியிருப்பார். "நுண்கலை" என்பதற்கான பிஜுட்சு என்ற சொல்லே 1873 வியன்னா உலகக் கண்காட்சிக்காக, ஜெர்மன் மொழியில் வந்த விதிமுறைகளை மொழிபெயர்க்கும்போது உருவானது. 1876இல் அரசு தோக்கியோவில் ஓர் ஓவியப் பள்ளி திறந்தது. அது இருந்தது பொதுப்பணி அமைச்சகத்தின் கீழ், ரயிலும் தந்தியும் இருந்த அதே கூரையில். ஃபொன்தனேசி என்ற ஓவியரையும் ரகூசா என்ற சிற்பியையும் இத்தாலியிலிருந்து வரவழைத்தார்கள். எண்ணெய் ஓவியம் அப்போது ஒரு தொழில்நுட்பம். தகாஹாஷி யுயிச்சி 1877 வாக்கில் வரைந்த சால்மன் மீனைத் தேடிப் பாருங்கள். கயிற்றில் தொங்கும் உப்பிட்ட மீன், பாதிச் சதை வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது, செதில் ஒவ்வொன்றும் மின்னுகிறது. எண்ணெய் வண்ணம்தான், ஆனால் தாளின் மேல், தொங்கும் சுருள் ஓவியத்தைப்போல ஒடுங்கி நீண்ட வடிவில். எனக்கு அதைவிட ஜப்பானிய ஓவியம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பள்ளி 1883இல் மூடப்பட்டது. காற்று திரும்பிவிட்டது. தத்துவம் கற்பிக்க 1878இல் வந்த ஃபெனொலோசா என்ற அமெரிக்க இளைஞர், ஜப்பானியர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய ஓவியங்களைத் தேடி வாங்கத் தொடங்கினார். உங்கள் ஓவியம் எண்ணெய் ஓவியத்தைவிட உயர்ந்தது என்று 1882இல் தோக்கியோவில் உரையாற்றினார். அவருடைய மாணவர்தான் ஒகாகுரா. இவர்கள் முயற்சியில் 1889இல் வகுப்புகள் தொடங்கிய தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் எண்ணெய் ஓவியத்துக்கு இடமே இல்லை. 1896இல்தான் சேர்த்தார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு "யோகா", மேற்கத்திய ஓவியம், என்று பெயர். அதற்கு எதிரே நிற்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. நிஹொங்கா நிலைபெற்றது அப்படித்தான்.

மரபைக் காக்க வந்த அந்தப் பள்ளியில் படித்த யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் முதலில் கைவைத்தது மரபின் உயிரான கோட்டின் மேல்தான். கோட்டை விட்டுவிட்டுக் காற்றையும் ஈரத்தையும் வரையப் பார்த்தார்கள். "மங்கல் பாணி" என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன, படங்கள் விலைபோகவில்லை. இன்று நிஹொங்காவின் பெருமையாகக் காட்டப்படுபவை அந்தத் தேடலில் விளைந்த படங்கள். ஷுன்சோ 1909இல் வரைந்த உதிர்ந்த இலைகளை நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள்.

கே: ஒகாகுராவின் "ஆசியா ஒன்றே" என்ற வாக்கியம் கல்கத்தாவில் எழுதப்பட்டது என்கிறார்கள். அன்பாகச் சொன்ன வாக்கியம் போர் முழக்கமாக மாறியது எப்படி?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ப: ஐயா, 1902இல் அவர் இந்தியாவில் இருந்தார். விவேகானந்தரைச் சந்தித்தார், தாகூர் குடும்பத்தோடு பழகினார். அப்போது உருவான நூலுக்குச் சகோதரி நிவேதிதா முன்னுரை எழுதினார். 1903இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் முதல் வாக்கியம்தான் நீங்கள் சொல்வது. அதே ஆண்டு தைக்கானும் ஷுன்சோவும் கல்கத்தா வந்தார்கள். அவர்கள் தாளை நனைத்து நனைத்து வரைவதைப் பார்த்துத்தான் அவனீந்திரநாத் தாகூர் தன் நீர்வண்ண முறையை வளர்த்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் என்பதைக் கவனியுங்கள். வெளியாரிடம் பேசுவதற்காக எழுதிய வாக்கியம் அது. ஒகாகுரா 1913இல் மறைந்தார். அதை முழக்கமாக ஜப்பானியர்களுக்குள் ஒலிக்கச் செய்தது அதற்குப் பின் வந்த போர்க்காலம். இஸுராவில் அந்தக் குடிலிலிருந்து சில எட்டில் ஒரு கல் நிற்கிறது. "ஆசியா ஒன்றே" என்று அதில் செதுக்கியிருக்கிறது. எழுத்து தைக்கானுடையது, நிறுவிய ஆண்டு 1942. சிங்கப்பூர் வீழ்ந்த ஆண்டு. நான் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஐயா. கல்கத்தாவில் கை பிடித்துக்கொண்டு நின்றவரின் சொல்லை, அவருடைய அன்பு மாணவரே படைகளின் வழியில் நட்டுவைத்திருக்கிறார்.

ஒகாகுராவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. ஆசிய நாகரிகம் முழுவதும் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் அருங்காட்சியகம் ஜப்பான் என்று அதே நூலில் எழுதினார். அருங்காட்சியகம் என்றால் சாவி யார் கையில் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது.

கே: போருக்குப் படம் வரைந்து கொடுத்த ஃபுஜிதாவைப் பெரிய ஓவியர் என்று இன்னும் கொண்டாடுகிறார்களே, இது நியாயமா? உங்களைப் போன்றவர்களும் அவரைப் பற்றி மரியாதையாகவே எழுதுகிறீர்கள்.
– ஒரு வாசகர்

ப: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அந்தக் கோபத்தோடுதான் தோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். "அத்து தீவில் கடைசிப் போர்" என்ற படத்தின் முன் நின்றேன். 1943. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டருக்கு மேல் அகலம், முழுக்க மண்ணும் துருவும் கலந்த பழுப்பு. எது கை, எது கத்தி, யார் நம்மவன், யார் எதிரி என்று பிரிக்க முடியவில்லை. பல்லைக் கடித்த முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அலூஷியன் தீவுக்கூட்டத்தின் அந்தத் தீவில் 1943 மே மாதம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் கிட்டத்தட்ட ஒருவர் மிச்சமில்லாமல் இறந்தார்கள். "மணிக்கல் உடைந்து சிதறுதல்" என்று பொருள்படும் கியோகுசாய் என்ற சொல்லை அந்தச் சாவுக்குத்தான் ராணுவம் முதலில் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தியது.

நாடெங்கும் இந்தப் படத்தைக் காட்டினார்கள். முதியவர்கள் அதன் முன் கைகூப்பிக் காணிக்கைக் காசு போட்டதைப் பார்த்ததாக ஃபுஜிதாவே எழுதியிருக்கிறார். இது போர் வெறியைத் தூண்டும் படமா, இழவு வீட்டுப் படமா? ஒரு மணி நேரம் நின்றும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அருகில் ஒரு பெரியவர் வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இனி அந்தக் கணக்கின் மறுபக்கம். 1940. பேரரசு தோன்றி 2,600 ஆண்டு ஆனதாக ஜப்பான் கொண்டாடிய ஆண்டு. யோகோயாமா தைக்கான் அந்த விழாவையொட்டி இருபது படங்கள் வரைந்தார். பத்து கடல், பத்து மலை. மலை என்றால் ஃபுஜி மலை. விற்ற பணம் 5 லட்சம் யென். முழுவதையும் தரைப்படைக்கும் கடற்படைக்கும் கொடுத்தார். அது போர் விமானங்களானது. அந்தப் படங்களில் ஒரு துப்பாக்கி கிடையாது, ஒரு சிப்பாய் கிடையாது. மேகத்துக்கு மேலே வெள்ளைச் சிகரமும், பாறையில் மோதும் அலையும்தான். பார்க்கப் பார்க்க அழகு.

போர் முடிந்ததும் என்ன நடந்தது? ஓவியர்களின் போர்ப் பொறுப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது ஃபுஜிதாவின் தலையில் அதிகம் விழுந்தது. 1949இல் ஜப்பானை விட்டுக் கிளம்பினார், 1955இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார், திரும்பவே இல்லை. 1968இல் சூரிச்சில் இறந்தார். தைக்கான் தன் ஃபுஜி மலையைத் தொடர்ந்து வரைந்துகொண்டு, நாட்டின் முதுபெரும் ஓவியராக, 1958இல் தோக்கியோவில் கண்ணை மூடினார். மலைக்கு யார் வழக்குப் போடுவார்கள்? ரத்தத்தை வரைந்தவர் பிடிபட்டார், பனியை வரைந்தவர் தப்பினார். ஃபுஜிதாவை மன்னித்துவிடச் சொல்லவில்லை. தேசபக்தி எந்தப் படத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடும்போது நம் கண் ரத்தத்தில் மட்டும் நின்றுவிடுகிறது என்கிறேன்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்கட்டும். இப்படிப்பட்ட 153 போர் ஓவியங்களை அமெரிக்கப் படை கைப்பற்றி 1951இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 1970இல் அவை திரும்பின. "காலவரையற்ற இரவல்" என்று பெயர். ஜப்பானின் மிக வேதனையான படங்கள், காகிதத்தில் பார்த்தால், இரவல் பொருள்கள். அருங்காட்சியகம் அவற்றைச் சில சிலவாக மாற்றி மாற்றித்தான் மாட்டுகிறது.

கே: அணுகுண்டு ஓவியங்கள் ஜப்பானைப் பாதிக்கப்பட்ட நாடாக மட்டுமே காட்டுகின்றன என்ற குற்றச்சாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
– ஆய்வு மாணவர்

ப: பொதுவாக அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மாருகி தம்பதியரிடம் மட்டும் அது செல்லாது, தம்பி.

மாருகி இரி ஹிரோஷிமாக்காரர், மையோவியர். அவர் மனைவி தோஷி எண்ணெய் ஓவியம் பயின்றவர். குண்டு விழுந்த சில நாட்களில் உறவினர்களைத் தேடி இருவரும் ஹிரோஷிமா போனார்கள். 1950இல் அந்த அழிவைப் பற்றிய முதல் திரை ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். அப்போதும் அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலம், ஆகஸ்ட் 6ஐப் பற்றிப் பேசுவதே ஆபத்து. 1982 வரை மொத்தம் பதினைந்து படைப்புகள். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் நீளம். தோஷி மனித உடல்களைக் கவனமாக வரைவார். இரி அதன்மேல் மையைக் கொட்டுவார். தோஷி மறுபடி மைக்குள்ளிருந்து உடலை மீட்டு வரைவார். நிஹொங்கா, யோகா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்ட இரண்டு தரப்பும் இந்த வீட்டில் ஒரே தாளில் வேலை செய்தன.

1970இல் இந்தத் திரைகளை அமெரிக்காவில் காட்டப் போனபோது, "நாஞ்சிங் படுகொலையைச் சீனர்கள் வரைந்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியை அவர்கள் எதிர்கொண்டார்கள். 1937இல் ஜப்பானியப் படை சீனாவில் நடத்திய படுகொலை அது. ஊர் திரும்பி அந்தக் கேள்விக்குத் தூரிகையால் பதில் சொன்னார்கள். 1971இல், ஹிரோஷிமாவில் இறந்த அமெரிக்கப் போர்க்கைதிகள். 1972இல் "காகங்கள்": அள்ள ஆளில்லாமல் கடைசிவரை கிடந்த கொரியர்களின் உடல்களும், அவற்றை நோக்கி இறங்கும் காகங்களும், நடுவே மிதக்கும் வெண்மையான கொரிய உடையும். 1975இல் நாஞ்சிங்கையே வரைந்தார்கள். "எங்கள் துயரம்" என்று தொடங்கியவர்கள், அந்த "எங்கள்" யார் யார் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தக் காகங்களின் முன் நான் அழுதேன், இதை மறைக்க விரும்பவில்லை.

கே: குசாமாவின் புள்ளிகள், முரகாமியின் சிரிக்கும் பூக்கள். இவற்றில் ஜப்பான் எங்கே இருக்கிறது?
– மாங்கா வாசகி

ப: இருவரும் நிஹொங்கா பயின்றவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. குசாமா யாயோய் 1948இல் கியோத்தோவில் அதைக் கற்றார். குரு–சீடர் கட்டுப்பாடு மூச்சு முட்டியது. 1950களின் இறுதியில் நியூயார்க் போய்விட்டார். 1966இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் யாரும் தேசியப் பிரதிநிதியாக அழைக்காமலே புல்வெளியில் கண்ணாடிக் கோளங்களைப் பரப்பி, வருபவர்களிடம் விற்றார், தடுத்தார்கள். 1993இல் அதே வெனிஸில் ஜப்பான் அரங்கு முழுவதும் அவருக்கு. ஒரு நாடு தன் மகளை அடையாளம் கண்டுகொள்ள இருபத்தேழு ஆண்டு ஆகியிருக்கிறது.

முரகாமி தகாஷி 1993இல் நிஹொங்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். பழைய திரை ஓவியத்தின் தட்டைத்தன்மையும் அனிமேயின் தட்டைத்தன்மையும் ஒரே வம்சம் என்று 2000இல் "சூப்பர்ஃபிளாட்" என்று கொடி பிடித்தார். இதுவும் ஒகாகுரா செய்ததுபோல வெளியாருக்காகத் தைத்த சட்டைதான் என்று நினைக்கிறேன். அவருடைய பூக்கள் என்னைத் தொடவில்லை. 2011 பேரழிவுக்குப் பின் அவர் வரைந்த நூறு மீட்டர் நீள "ஐந்நூறு அர்ஹத்துகள்" (ஞானமடைந்த பௌத்தத் துறவிகள்) தொட்டது.

கே: ஓவியருக்கும் ஜப்பானிய அரசுக்கும் நேரடி மோதல் நடந்ததுண்டா?
– சட்டம் படிப்பவர்

ப: உங்களுக்கென்றே ஒரு வழக்கு இருக்கிறது. 1963இல் அகாசெகாவா கென்பெய் தன் கண்காட்சி அழைப்பிதழை ஆயிரம் யென் நோட்டின் நகலாக அச்சடித்தார், ஒரு பக்கம் மட்டும், ஒரே நிறத்தில். இளவரசர் ஷோதோகுவின் முகம் இருந்த நோட்டு. நாணயப் போலியைத் தடுக்கும் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. 1966இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் நண்பர்களின் கலைப்படைப்புகளெல்லாம் சான்றுப் பொருள்களாக வந்து குவிந்தன. நீதிமன்றமே காட்சிக்கூடமானது. மறு ஆண்டு தீர்ப்பு: மூன்று மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்டது. 1970இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இடையில் அவர் "பூஜ்ய யென்" நோட்டு ஒன்றை அச்சடித்து, 300 யென் கொடுத்தால் ஒன்று தருவேன் என்று அறிவித்தார்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. ஓவுரா நொபுயுகி 1980களில் நியூயார்க்கில் வாழ்ந்தபோது, நான் யார் என்று கேட்டுத் தன் சுயஉருவமாகச் சில அச்சுப்படங்கள் செய்தார். அதில் வந்து நின்றது பேரரசர் ஹிரோஹிதோவின் புகைப்படம். தோயாமா மாகாண அருங்காட்சியகம் 1986இல் அவற்றைக் காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் உள்ளே வைத்தது. 1993இல் படங்களை விற்றுவிட்டு, மிச்சமிருந்த கண்காட்சி நூல்களை எரித்தது. 2019 ஆகஸ்டில் அய்ச்சி திரியெனாலே என்ற கலைவிழாவில் அதே ஓவுராவின் படைப்பு, தன் படம் எரிவதைக் காட்டும் காணொளியோடு வந்தது. அதே பகுதியில் ஒரு கொரியச் சிறுமியின் சிலை, பக்கத்தில் காலி நாற்காலி. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக. பெட்ரோலோடு வருவோம் என்ற மிரட்டல் வந்தது, மூன்றே நாளில் அந்தப் பகுதியை மூடினார்கள். அக்டோபரில் கடைசி ஒரு வாரம் மட்டும் திறந்தது. அரசின் கலாச்சார முகமை அந்த விழாவுக்கான ஏறத்தாழ 7.8 கோடி யென் மானியத்தை நிறுத்துவதாக அறிவித்து, பிறகு குறைத்துக் கொடுத்தது.

ஓவுரா செய்தது அவமதிப்பு என்று எழுதப்போகிறவர்களுக்கு: அந்தப் படங்களை நிதானமாகப் பாருங்கள். வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஒருவன் கண்ணாடியைப் பார்க்கிறான், அதில் தன் முகத்துக்கு முன்னால் வேறொரு முகம் தெரிகிறது. பயந்துபோன மனிதனின் படம் அது.

கே: அடுத்த வசந்தத்தில் தோக்கியோ போகிறேன், அம்மா. இரண்டு நாள்தான் ஓவியத்துக்கு. எதைப் பார்க்கட்டும்?
– ஒரு வாசகி

ப: முதல் நாள், தகேபாஷி நிலையத்தில் இறங்கி தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம். தற்காலிகக் கண்காட்சியின் கூட்டத்தை விட்டுவிட்டு, நிரந்தரத் தொகுப்புக்கு மேல்மாடியிலிருந்து இறங்கி வாருங்கள். போர் ஓவியம் ஏதாவது மாட்டியிருந்தால், அதைப் பார்த்த கையோடு திரும்பி நடந்து, தைக்கானோ வேறு யாரோ வரைந்த அமைதியான இயற்கைக் காட்சி ஒன்றின் முன் அதே அளவு நேரம் நில்லுங்கள்.

இரண்டாம் நாள் இகெபுகுரோவிலிருந்து தோபு தோஜோ ரயிலில் ஹிகாஷி–மட்சுயாமா. ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மாருகி கலைக்கூடம், 1967இல் அவர்களே கட்டியது. பழைய கட்டடம், பராமரிப்புக்காக மூடுவதுண்டு. திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். திரைகளைப் பார்த்து முடித்ததும் உடனே ரயிலுக்கு ஓடாதீர்கள். கீழே தோகி ஆறு ஓடுகிறது. கரையில் உட்கார இடம் இருக்கிறது.